காலி இடம் கண்ணில் படட்டும்

காலை ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில் எந்த வீவக புளோக்கின் தாழ்வாரத்திலும் நின்று காது கொடுத்துப் பாருங்கள். மூடிய கதவு ஒன்று மறுபடி திறக்கும்.

“ம்மா, என் பாஸ் எங்க?”

“நேத்து எங்க வச்ச?”

“அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் கேக்குறேன்?”

மின்தூக்கி வந்து, திறந்து, சற்று நின்று, மூடிக்கொண்டு போய்விடும். பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்து போய்விடும். அம்மாவுக்கு எம்ஆர்டி போய்விடும். பாஸ் கடைசியில் சோபா இடுக்கில் கிடைத்துவிடும், அது பெரிய விஷயமில்லை. அன்றைய நாளின் முதல் சண்டை முடிந்திருக்கும்.

இதற்கு நம் உறவினர்கள் சொல்லும் வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். வல்லாரைக் கீரை, ஊறவைத்த பாதாம், காலையில் பத்து நிமிடம் தியானம். உடம்புக்கு நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் சாவி தொலைவதற்கும் ஞாபகசக்திக்கும் நாம் நினைக்கிற அளவுக்குச் சம்பந்தமில்லை. சாவியை மேசையில் போடுகிற அந்த நொடியில் நம் காது கைப்பேசியில் இருக்கிறது, கண் அடுப்பில் இருக்கிறது. சாவியை எங்கே வைத்தோம் என்பது மனத்தில் பதியவே இல்லை. பதியாத ஒன்றை எந்தக் கீரை வந்து நினைவுபடுத்தும்?

என் அப்பா இதை வேறு மாதிரி சொல்வார். “ஞாபகத்த நம்பி எந்த வேலையும் செய்யாத. இடத்த நம்பு.”

அப்பா செம்பவாங்கில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் 34 ஆண்டுகள் வேலை செய்தவர். அதில் பெரும்பகுதி டூல் ஸ்டோரில். ஸ்பேனர், சுத்தியல், கேஜ், சங்கிலிக் கப்பி என்று ஆயிரக்கணக்கான கருவிகள் தினமும் வெளியே போய்த் திரும்பி வரும் இடம் அது. சின்ன வயதில் பட்டறையின் குடும்ப தினத்தன்று ஒரே ஒருமுறை அதை நேரில் பார்த்திருக்கிறேன். சுவர் முழுக்க வெள்ளைச் சாயம் பூசிய பலகைகள். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. அந்தக் கருவியின் உருவம் அதன் பின்னால் கறுப்புச் சாயத்தில் அப்படியே வரையப்பட்டிருக்கும். ஸ்பேனரை எடுத்துவிட்டால் அதன் நிழல் மட்டும் பலகையில் நிற்கும். ‘ஷேடோ போர்டு’ என்பது அதன் பெயர். விமானப் பழுதுபார்ப்புக் கூடங்களிலும் இன்றுவரை இதுதான் பழக்கம்.

பலகை பாதி வேலைதான். மீதி வேலையைச் செய்தவை பித்தளை வில்லைகள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய எண் பொறித்த ஐந்து வில்லைகள் கொடுத்திருப்பார்கள். ஒரு கருவியை வாங்கும்போது ஒரு வில்லையைக் கொடுக்க வேண்டும். கருவி இருந்த ஆணியில் வில்லை தொங்கும். கருவி திரும்பி வந்ததும் வில்லை கைக்குப் போய்விடும். சாயங்காலம் அப்பா எதையும் எண்ண மாட்டார். பலகைகளுக்கு முன்னால் ஒரு நடை நடப்பார், அவ்வளவுதான். வில்லை தொங்கினால் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியும். நிழல் இருக்கிறது, கருவியும் இல்லை, வில்லையும் இல்லை என்றால் அன்று யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போக முடியாது.

ஒரு ஸ்பேனருக்காக இவ்வளவு கெடுபிடியா என்று கேட்டிருக்கிறேன். அது ஒரு கப்பல் இயந்திரத்துக்குள் விடுபட்டிருந்தால் என்ன ஆகும் என்று அவர் திருப்பிக் கேட்டார். எண்ணெய்த் தொட்டிக்குள் வேலைக்கு இறங்குகிறவர்களுக்கும் இதே முறைதான். வாயிலில் தன் வில்லையை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு வில்லை தொங்கினால் உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்று பொருள். 1978 அக்டோபரில் ஜூரோங்கில் ‘ஸ்பைரோஸ்’ என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள். அப்போது அப்பா பட்டறையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு வில்லை விஷயத்தில் யாரும் விளையாடியதில்லை என்பார்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. இல்லாத பொருளை யாராலும் பார்க்க முடியாது. காலி இடத்தைப் பார்க்க முடியும். கைப்பையில் நூறு பொருள் குவிந்து கிடந்தால் அதில் கடப்பிதழ் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாது. கடப்பிதழுக்கென்று ஓர் உறை இருந்து அது தட்டையாகக் கிடந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பொருளுக்கு இடம் வேண்டும் என்பது எல்லாரும் சொல்வது. அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கக்கூடாது என்பதுதான் நாம் செய்யாதது. சாவிக் கிண்ணம் என்று ஆசையாக வாங்குவோம். ஒரே மாதத்தில் அதில் சில்லறை, ரப்பர் பேண்ட், கிளினிக் ரசீது, பழைய பேட்டரி, ஒரு ஹேர்பின். கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருப்பதால் சாவி இல்லை என்று அது சொல்லவே சொல்லாது. கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓர் ஆணி அடியுங்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

அப்பா ஓய்வுபெற்றதும் எங்கள் ஈசூன் வீட்டில் வாசல் பக்கம், செருப்பு அலமாரிக்கு மேலே, ஒரு பலகையை மாட்டினார். வெள்ளைச் சாயம். அதில் வீட்டுச் சாவி, தபால்பெட்டிச் சாவி, அம்மாவின் மூக்குக்கண்ணாடி, தம்பியின் வேலை பாஸ், குடை எல்லாவற்றுக்கும் கறுப்பில் நிழல். அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “இது வீடா, பட்டறையா? வர்றவங்க என்ன நெனைப்பாங்க?” என்று தீபாவளிக்குத் தீபாவளி அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டிவிடுவார். விருந்தாளிகள் போனதும் அப்பா காலண்டரைக் கழற்றுவார். பல ஆண்டுகள் அது எங்கள் குடும்பத்தின் நிரந்தர நகைச்சுவையாக இருந்தது.

வீட்டுக்கு வெளியே கதை வேறு. அங்கே பலகை கிடையாது. நம் உணவங்காடி நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் பிடிக்க டிஷ்யூ பொட்டலம் வைத்தால் போதும். ஆனால் அவசரத்தில் குடையை வைக்கிறோம், சிலர் அலுவலக பாஸையே வைக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அபராதம் என்றாகிவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் இரண்டு கையிலும் தட்டு, கண் தட்டு வைக்கும் இடத்தைத் தேடுகிறது, குடை நாற்காலியில் தொங்குகிறது.

வந்த வேலை முடிந்தது என்று மனம் முடிவு கட்டிவிட்டால் அதற்குப் பிறகு செய்ய வேண்டிய சின்ன வேலை விடுபட்டுப்போகும். போட்டோகாப்பி இயந்திரத்தில் மூலப் பிரதியை விட்டுவிட்டு வருவது இதனால்தான். ஏடிஎம் இயந்திரங்கள் முதலில் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் பிறகுதான் பணத்தை நீட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். பணம் முதலில் வந்தால் அட்டையை மறந்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம் என்பதால் செய்த ஏற்பாடு அது. மனிதர்களைத் திருத்துவதை விட்டுவிட்டு வரிசையைத் திருத்தியிருக்கிறார்கள். நாமும் செய்யலாம். தட்டைத் தூக்குவதற்கு முன்பே பையைத் தோளில் மாட்டிவிட வேண்டும், குடையைக் கையில் கோத்துக்கொள்ள வேண்டும். டாக்சியில் இறங்கும்போது கதவைச் சாத்துவதற்கு முன் திரும்பி இருக்கையைப் பார்ப்பது என் கணவரின் பழக்கம். அவர் பார்ப்பதோடு நிற்க மாட்டார். “பை, போன், பிள்ளை” என்று வாய்விட்டுச் சொல்வார். மகனுக்குக் கூச்சமாக இருக்கிறதாம். ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டிக் காட்டி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் ரயிலை எடுக்கிறார்கள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். வாய் சொல்லும்போது கவனம் அங்கே வந்தே தீரும்.

டாக்சி என்றதும் புகழ்பெற்ற செல்லோ கலைஞர் யோ-யோ மா நினைவுக்கு வருகிறார். 1999 அக்டோபரில் நியூயார்க் டாக்சி ஒன்றின் பின்பெட்டியில் தம் செல்லோவை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். 1733-ல் வெனிஸில் செய்யப்பட்ட கருவி அது. மதிப்பு 25 லட்சம் அமெரிக்க டாலர். அவர் கையில் டாக்சி ரசீது இருந்தது. அதை வைத்துப் போலிசார் அன்றைக்கே வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 25 லட்சம் டாலர் பொருளையே ஒருவர் மறப்பார் என்றால், தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட்டு வந்த தொடக்கநிலை மூன்று மாணவனை நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது செயலி வழியாக வண்டி அழைப்பவர்களுக்கு ரசீது தானாகவே பதிவாகிவிடுகிறது. சாவியில் மாட்டும் தேடுவில்லைகளும் வந்துவிட்டன. அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் பொருள் போன பிறகுதான் அவற்றுக்கு வேலை. சிங்பாஸ் செயலியில் அடையாள அட்டை வந்தது அதைவிட உபயோகமான மாற்றம், ஏனென்றால் பல இடங்களுக்கு அட்டையைச் சுமந்துகொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. அட்டையைத் தொலைத்தால் மாற்று அட்டைக்கு முதன்முறை 100 வெள்ளி, மறுமுறை 300 வெள்ளி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். உட்லண்ட்ஸில் கியூஆர் குறியீட்டைக் காட்டியே காரில் கடக்கலாம் என்று 2024 மார்ச்சில் வந்ததும், கடப்பிதழே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சின்ன மாமாவும் அவர்களில் ஒருவர். ஜொகூர் பக்கம் கடப்பிதழ் கேட்பார்கள். மாமா அன்று கல்யாண விருந்தைத் தவறவிட்டார். அத்தை இன்னும் விடவில்லை.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற இழப்புகள். பெரியம்மா வீட்டில் நடந்தது அப்படியல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் பெரியம்மா தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டார். மூன்று வாரம் வீடு பூட்டியிருக்கும் என்று தம் தாயார் கொடுத்த இரண்டு வளையல்களைப் பத்திரமாக ஓர் இடத்தில் வைத்தார். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தால் வளையல் இல்லை. அலமாரி, மெத்தைக்கு அடி, சாமி மாடம், அரிசி டப்பா எல்லாம் புரட்டியாகிவிட்டது. வீட்டில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்த மியன்மார்ப் பணிப்பெண் இருந்தார். அந்த மூன்று வாரமும் அவர் பெரியம்மா மகள் வீட்டில்தான் தங்கியிருந்தார். ஆனாலும் எல்லார் பார்வையும் அவர் மேல் திரும்பியது. அவருடைய பையை எடுத்துவரச் சொல்லி, கட்டிலின் மேல் கொட்டி, ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். இரண்டு டீஷர்ட், ஒரு போட்டோ, தைலப் புட்டி, வீட்டுக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமே முகவரிடம் திருப்பி அனுப்பப்பட்டார்.

ஏழு மாதம் கழித்து, தீபாவளிக்கு முறுக்குப் பிழிய உழக்கை எடுத்தபோது உள்ளே ஒரு துணி முடிச்சு. அதற்குள் வளையல்கள்.

பெரியம்மா அந்தப் பெண்ணைத் தேட முயன்றார். பழைய எண் வேலை செய்யவில்லை. முகவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு பெரியம்மா வீட்டில் முறுக்குப் பிழிவதில்லை. தேக்காவில் வாங்கிக்கொள்கிறார்கள்.

பத்திரமாக வைத்த பொருள்தான் அதிகம் தொலைகிறது என்று நம் வீடுகளில் வேடிக்கையாகச் சொல்வோம். 1986-ல் யூஜின் வினோகிராட், ராபர்ட் சோலோவே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதையே ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள். வழக்கத்துக்கு மாறான இடம் என்றால் நன்றாக நினைவிருக்கும் என்று மக்கள் நம்புகிறார்கள். உண்மையில் அந்த இடங்களைத்தான் அதிகம் மறந்துபோகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். எனக்கு இது புரிகிற விதம் இப்படி. ஒளித்து வைக்கும்போது, “திருடன் எங்கே பார்க்கமாட்டான்?” என்று யோசிக்கிறோம். தேடும்போது, “வளையல் எங்கே இருக்கும்?” என்று யோசிக்கிறோம். இரண்டு கேள்விக்கும் விடை வேறு வேறு. வளையலுக்கும் முறுக்கு உழக்குக்கும் மனத்தில் எந்தப் பாதையும் இல்லை.

அந்தச் சம்பவம் கேட்ட அன்று அப்பா எதுவும் பேசவில்லை. மறுநாள் ஒரு சின்ன நோட்டு வாங்கி வந்தார். நகை, பத்திரம், கடப்பிதழ் எதையாவது வழக்கமான இடத்திலிருந்து நகர்த்தினால் அதில் ஒரு வரி எழுத வேண்டும், தேதியோடு. நோட்டு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். நோட்டையே திருடன் படித்துவிட்டால் என்று தம்பி கேட்டான். “தமிழ்ல எழுதுறேன், என் கையெழுத்துல. முதல்ல நீ படிச்சுக் காட்டு” என்றார் அப்பா.

அம்மாவுக்கு இப்போது 73 வயது. சென்ற ஆண்டு தொடக்கத்திலிருந்து சின்னச் சின்ன மாற்றங்கள். கண்ணாடியைத் தேடுவது எல்லாருக்கும் உள்ளதுதான். கண்ணாடி குளிர்பதனப் பெட்டியில் இருந்தது, அது அங்கே எப்படிப் போனது என்று அவரால் ஒரு அடிகூடப் பின்னால் போய் யோசிக்க முடியவில்லை. அப்போதுதான் பலதுறை மருந்தகத்துக்குப் போனோம். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முதுமை மறதிநோய், ஆரம்ப நிலை. பொருளை வைத்த இடம் மறப்பது வயதானால் வருவது. வைத்த வழியே திரும்பிப் போய்த் தேடத் தெரியாமல் போவதைத்தான் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். இன்னொன்றும் சொன்னார். பொருள் கிடைக்காதபோது யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வரலாம், அது நோயின் பேச்சு, அவருடைய பேச்சல்ல, எதிர்த்து வாதாடாதீர்கள் என்றார்.

அது வந்தது. வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள மன்னார்குடிப் பக்கத்துப் பெண் ஒருவர் வேலைக்கு வந்திருக்கிறார். முப்பது வயது, ஊரில் ஒரு மகள். அவர் சந்தைக்குப் போன ஒரு காலையில் அம்மா பலகை முன் நின்று, “சாவிய எடுத்துட்டா. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவா” என்று நடுங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் காய்கறிப் பையோடு வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டார். முகம் வெளிறிவிட்டது. பெரியம்மா வீட்டுக் கட்டிலும் அதன் மேல் கொட்டிய டீஷர்ட்டுகளும் எனக்குக் கண் முன்னால் வந்து நின்றன.

அன்று மத்தியானம் அப்பா பரணிலிருந்து ஒரு பழைய மைலோ டின்னை இறக்கினார். உள்ளே அவருடைய ஐந்து பித்தளை வில்லைகள். ஓய்வுபெற்றபோது நினைவுக்காகக் கொடுத்துவிட்டார்களாம். எல்லாவற்றிலும் அவருடைய எண்தான் பொறித்திருந்தது. அவற்றின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு சின்னப் புகைப்படத்தை ஒட்டினார். அப்பா, தம்பி, நான், என் கணவர், பணிப்பெண். அம்மாவுக்கு வில்லை பற்றவில்லை. அவருக்கு மட்டும் ஒரு மரத்துண்டை வட்டமாக அறுத்து, மஞ்சள் சாயம் பூசி, கல்யாணப் படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டி ஒட்டினார். பலகையிலிருந்து யார் எதை எடுத்தாலும் அந்த இடத்தில் தன் வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

முதல் இரண்டு வாரம் எல்லாரும் மறந்தோம், அப்பா பட்டறை மேற்பார்வையாளராக மாறி விரட்டினார். முதலில் பழகிக்கொண்டவர் பணிப்பெண்தான். சாவியை எடுத்ததும் தன் படத்தை மாட்டிவிட்டு, “அம்மா, சாவி என்கிட்ட இருக்கு. இதோ பாருங்க, நான் இங்க இருக்கேன்” என்று வில்லையைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போகிறார். அம்மா அவர் போன பிறகு நான்கைந்து தடவை வந்து அந்தப் படத்தைப் பார்ப்பார். சாவி இல்லை என்பது அவருக்குத் தெரிகிறது. யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிகிறது. திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வார். சில நாள் இது வேலை செய்வதில்லை, அப்போது அப்பா அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். நோய் நிற்கப்போவதில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், ஒரு நாள் அந்தப் படங்களில் இருப்பவர்கள் யார் என்றும் அவர் கேட்கக்கூடும்.

காலண்டர் மாட்டும் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.

சென்ற சனிக்கிழமை நான் போயிருந்தபோது அம்மா பலகை முன்னால் வெகுநேரம் நின்றிருந்தார். கண்ணாடியின் நிழல் காலியாக இருந்தது. அந்த ஆணியில் மஞ்சள் வில்லை தொங்கியது. அம்மா அதில் இருந்த கல்யாணப்பெண்ணை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லக் கையைத் தூக்கித் தம் முகத்தைத் தடவினார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார், அடுப்படியிலிருந்து அப்பா, “என்னடி, கெடைச்சிருச்சா?” என்றார்.